மைக் இல்லாத மேடையும் முதுகுவலியும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: போலந்து பாரிடோன் (நடுத்தர ஸ்தாயி ஆண்குரல்) பாடகர் மாரியுஷ் க்வியெச்சென் 47 வயதிலேயே ஓபரா மேடையை விட்டு விலகியது ஏன்? குரல் போய்விட்டதா?

குரல் போகவில்லை. பல ஆண்டுகளாகப் படுத்திய முதுகுவலிதான் காரணம். 2011 அக்டோபரில், நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபராவில், மோட்சார்ட்டின் ‘டான் ஜோவானி’ நாயக வேடத்துக்கான முழு ஒத்திகையின்போது முதுகில் அடிபட்டு, அறுவைச் சிகிச்சை வரை போனது. தொடக்க நாளில் அவருக்குப் பதிலாகப் பீட்டர் மட்டேய் பாடினார். க்வியெச்சென் அந்த மாதமே மேடைக்குத் திரும்பிவிட்டார். ஆனால் வலி விடவில்லை. 2020-இல் பாடுவதை நிறுத்திக்கொண்டு, போலந்தின் விரோட்ஸ்வாஃப் ஓபராவின் கலை இயக்குநர் ஆனார்.

முதுகுக்கும் பாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். ஓபராவில் மைக் கிடையாது. சுமார் 3,800 பேர் அமரும் மெட்ரோபாலிட்டன் அரங்கில், ஆர்கெஸ்ட்ராவைத் தாண்டிக் கடைசி வரிசைக்குக் குரல் போய்ச் சேர வேண்டும். மூச்சை இழுத்ததும் உதரவிதானம் இறங்குகிறது. உள்ளே போன காற்று ஒரேயடியாக வெளியேறிவிடாமல் விலா, அடிவயிறு, கீழ்முதுகுத் தசைகள் பிடித்துக்கொள்கின்றன. முதுகில் வலி வந்தால் இந்தத் தசைகள் இறுகும், மூச்சு மேல்நெஞ்சோடு நின்றுவிடும். குறைந்த காற்றழுத்தத்தைத் தொண்டையை நெரித்துச் சரிக்கட்டப் பார்த்தால் குரல்நாண் வீங்கும். டான் ஜோவானியோ வாள்சண்டை போட வேண்டும், ஓட வேண்டும், விழ வேண்டும்; அதற்கு நடுவே பாடவும் வேண்டும். குரல் நன்றாக இருக்கும்போதே நிறுத்தியது சரியான முடிவு என்றே சொல்வோம்.

கேள்வி: அவர் எப்படி மேலே வந்தார்?

1972-இல் கிராக்கோவில் பிறந்து, வார்சா இசைக் கல்விக்கழகத்தில் படித்தவர். 1993-இல் கிராக்கோ ஓபராவில் அறிமுகம். பிறகு மெட்ரோபாலிட்டனின் இளம் கலைஞர் பயிற்சித் திட்டம். அங்கே 1999-இல் முதலில் கிடைத்தது செக் இசையமைப்பாளர் யானாச்செக்கின் ‘காத்யா கபனோவா’ ஓபராவில் குலிகின் என்னும் சிறு வேடம். பெரிய அரங்கில் குரல் எப்படிப் பரவுகிறது என்று பழக இதைவிட நல்ல வழி கிடையாது. இருபத்தைந்து வயதில் இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டியின் கனமான வேடங்களுக்குத் தாவும் பாரிடோன்களுக்கு மேல்ஸ்தாயி சீக்கிரமே ஆட்டம் காணும். இவர் மோட்சார்ட், டோனிசெட்டி என்று இலகுவான வேடங்களில் நின்று, படிப்படியாகத்தான் ஏறினார். 2013-இல் சைக்கோவ்ஸ்கியின் ‘யூஜீன் ஒனேகின்’ ஓபராவின் நாயகனாக அதே மெட்ரோபாலிட்டனின் பருவத் தொடக்க இரவில் பாடினார்.

கேள்வி: முதலில் எதைக் கேட்கலாம்?

ஷிமனோவ்ஸ்கியின் ‘மன்னர் ரோஜர்’. 1926-இல் வார்சாவில் அரங்கேறிய போலிஷ் ஓபரா, நாயகன் பாரிடோன். 2015-இல் லண்டன் ராயல் ஓபரா, க்வியெச்சென் ரோஜராகப் பாட மேடையேற்றியது டிவிடியாகவே கிடைக்கிறது. மேடை நடுவே ஒரு பிரம்மாண்டத் தலை நிற்கும். இரண்டாம் அங்கத்தில் அதன் உட்புறம் தெரியும். முழுதும் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். கடைசியில் ரோஜர் சூரியனை நோக்கிப் பாடும் இடத்தைத் தவறவிடாதீர்கள்: தாய்மொழியில் பாடுபவரின் மெய்யெழுத்துகள் எவ்வளவு தெளிவாக விழுகின்றன என்று கேளுங்கள்.