மடோகா மேஜிகா ஏன் உங்களுக்கு அவ்ளோ பிடிக்கும்? பாக்க சின்னப் பிள்ளைங்க கார்ட்டூன் மாதிரிதானே இருக்கு?

கேள்வி கேட்டவரு இந்த ஜப்பான் அனிமே சீரிஸோட போஸ்டர மட்டும் பாத்திருக்காருன்னு நினைக்கிறேன். தப்பில்ல, நானும் அப்படித்தான் ஏமாந்தேன். பிங்க் கலர் முடி, ஃப்ரில் வெச்ச கவுன், தோள்மேல வெள்ளையா பொம்மை மாதிரி ஒரு பிராணி. 2014ல ஹாஸ்டல்ல ஒருத்தனோட ஹார்ட் டிஸ்க்ல இருந்து வேற எதையோ காப்பி பண்ணப்ப அந்த ஃபோல்டரும் கூடவே வந்துச்சு, ஒரு மாசம் தொடவே இல்ல, யாராவது லேப்டாப்ப வாங்கிப் பாத்தா மானம் போயிரும்னு ஃபோல்டர் பேர வேற மாத்தி வெச்சிருந்தேன். அப்புறம் ஒருநாள் ராத்திரி கரண்ட் போச்சு, நெட்டும் இல்ல, மிச்சம் பாக்காம இருந்தது இது ஒண்ணுதான், போட்டுட்டேன்.

ஸ்பாய்லர் இருக்கு. மொத்தக் கதையும் சொல்லத்தான் போறேன். பாக்கணும்னு இருக்கறவங்க இதோட நிறுத்திட்டு போய் பாத்துட்டு வாங்க, 12 எபிசோட்தான்.

2011 ஜனவரில ஜப்பான் டிவில வந்த சீரிஸ் இது. ஷாஃப்ட் ஸ்டூடியோ பண்ணது, டைரக்டர் அகியுகி ஷின்போ, கதை கென் உரோபுச்சி. உருண்டை மூஞ்சி வெச்ச அந்தப் பொண்ணுங்கள வரைஞ்சது உமே அவோகி. சாதாரணப் பொண்ணுக்கு மந்திர சக்தி கிடைச்சு ஊரக் காப்பாத்துற கதைங்க அங்க 1960கள்ல இருந்தே வந்துட்டு இருக்கு, மேஜிக்கல் கேர்ள்னு அதுக்குத் தனி வகையே உண்டு. இவங்க அந்த அச்சு மாறாமதான் ஆரம்பிக்கிறாங்க. கியூபேன்னு அந்த வெள்ளைப் பிராணி வந்து, உனக்கு ஒரு ஆசை சொல்லு, எதுவா இருந்தாலும் நிறைவேத்துறேன், பதிலுக்கு மேஜிக்கல் கேர்ள் ஆகி சூனியக்காரிங்களோட சண்டை போடு, ஒப்பந்தம் போட்டுக்கலாமான்னு கேக்கும். ஹீரோயின் மடோகா எட்டாவது படிக்கிற பொண்ணு, அவ ஃப்ரெண்டு சயகா, ரெண்டு பேரும் என்ன ஆசை கேக்கலாம்னு யோசிச்சுட்டே இருப்பாங்க. ஏற்கெனவே மேஜிக்கல் கேர்ள் ஆன சீனியர் அக்கா ஒருத்தி, பேரு மாமி, அவ வீட்டுல முக்கோணக் கண்ணாடி டேபிள்ல கேக், டீ எல்லாம் ஓடும்.

மூணாவது எபிசோட் பாரு, மூணாவது எபிசோட் பாருன்னு எல்லாரும் சொல்றது எதுக்குன்னா அதுல மாமி செத்துருவா. இனிமே நான் தனி ஆள் இல்லன்னு சந்தோஷத்துல பறந்து பறந்து சண்டை போட்டுட்டு இருப்பா, அடுத்த ரெண்டு நிமிஷத்துல தலை இருக்காது. எனக்கும் அடிவயிறு கலங்குச்சு, பொய் சொல்ல மாட்டேன். ஆனா இத்தனை வருஷம் கழிச்சு என் மண்டைல நிக்கிறது அது இல்ல. அதே எபிசோட்ல அதுக்கு முன்னாடி சும்மா நடந்து போறப்ப பேசிக்கிற ஒரு பேச்சு.

சயகாவுக்கு ஒரு பையன் மேல சின்ன வயசுல இருந்தே பிரியம், கியோஸ்கேன்னு பேரு, வயலின் வாசிக்கிறவன், ஆக்ஸிடென்ட்ல கை அசையாமப் போயி ஆஸ்பத்திரில கிடக்கான். அவன் கை சரியாகணும்னு வேண்டிக்கலாமா, அடுத்தவங்களுக்காக ஆசை கேக்கலாமான்னு சயகா கேப்பா. அதுக்கு மாமி திட்டவும் மாட்டா, சபாஷ்னும் சொல்ல மாட்டா. அவன் கனவு பலிக்கணும்னு நினைக்கிறியா, இல்ல அதப் பலிக்க வெச்ச ஆளா அவன் முன்னாடி நிக்கணும்னு நினைக்கிறியா, ரெண்டும் ஒண்ணு இல்ல, இது தெளிவில்லாம கேட்டா பின்னாடி ரொம்ப வருத்தப்படுவன்னு சொல்லுவா.

அங்கயே பாஸ் பண்ணிட்டு லேப்டாப்ப மூடிட்டேன்.

ஏன்னா அந்த வருஷம்தான் எனக்கு ஒருத்தன் மேல பயங்கரக் கோவம். கூடப் படிச்சவன், மேத்ஸ்ல மூணு அரியர், ரெண்டு மாசம் ராத்திரி ராத்திரியா உக்காந்து சொல்லிக் குடுத்தேன், ரெக்கார்டு நோட்டு வரைக்கும் எழுதிக் குடுத்தேன். மூணையும் ஒரே அட்டெம்ப்ட்ல கிளியர் பண்ணான், வேலையும் கிடைச்சுச்சு, புரோட்டா கடைல பத்து பேரோட ட்ரீட் வெச்சான். நான் அத ஃபேஸ்புக் ஃபோட்டோல பாத்துதான் தெரிஞ்சுகிட்டேன். அவன் வேணும்னு பண்ணல, நான் ஊருக்குப் போயிருந்தேன், அவனுக்குத் தோணல, அவ்ளோதான். ஆனா ஒரு மாசம் அவன்கிட்ட பேசல. அவன் பாஸ் ஆகணும்னுதான் சொல்லிக் குடுத்தேன்னு நான் நம்பிட்டு இருந்தேன், மாமி கேட்ட கேள்வி சயகாவுக்கு உறைச்சுச்சோ இல்லயோ எனக்கு நல்லா உறைச்சுச்சு.

சயகா அந்த ஆசையத்தான் கேப்பா. கையும் சரியாயிரும். அப்புறம் ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போனா பெட் காலி, டிஸ்சார்ஜ் ஆயிட்டான், இவகிட்ட ஒரு வார்த்தை சொல்லல. அவன் வீட்டு வாசல் வரைக்கும் போவா, உள்ள வயலின் சத்தம் கேக்கும், பெல் அடிக்காம திரும்பிருவா. ரத்தம் கித்தம் எதுவும் இல்லாத இந்த சீன்தான் எனக்கு மாமி சாவ விட கஷ்டமா இருந்துச்சு. அந்தப் பையனையும் குத்தம் சொல்ல முடியாது, தன் கைக்கு யாரு என்ன விலை குடுத்தாங்கன்னு அவனுக்குத் தெரியவே தெரியாது.

விலை என்னன்னா, ஒப்பந்தம் போட்ட நிமிஷமே உயிர உடம்புல இருந்து எடுத்து முட்டை சைஸ்ல ஒரு கல்லுக்குள்ள வெச்சிரும் கியூபே. கல்லு நூறு மீட்டர் தள்ளிப் போனா உடம்பு பொணம். இத ஏன்டா மொதல்லயே சொல்லலன்னு கத்துனா, நீங்க கேக்கலையேன்னு சொல்லும். அந்தப் பதிலு இருக்கே! லோன் ஃபார்ம்ல கையெழுத்துப் போட்டுட்டு அப்புறம் போய் நின்னவங்க எல்லாரும் கேட்ட பதில்தான் அது. கியூபே பொய் சொல்லாது, மிரட்டாது, கோவமே வராது. ஒரு எபிசோட்ல அத சுட்டுத் தள்ளுவாங்க, இன்னொரு கியூபே சாவகாசமா வந்து செத்துக் கிடக்குறத சாப்ட்டு முடிச்சுட்டு விட்ட இடத்துல இருந்து பேச ஆரம்பிக்கும். வில்லன்னா இதுதான்யா வில்லன்.

கியோகோன்னு சிவப்பு முடி வெச்ச இன்னொருத்தி வருவா, எப்பப் பாரு எதையாவது தின்னுட்டே இருப்பா. அவளும் அடுத்தவங்களுக்காக ஆசை கேட்டு நாசமாப் போனவதான். அவ அப்பா தேவாலயத்துல பேசுறத யாரும் கேக்கல, குடும்பமே பட்டினி, எல்லாரும் எங்கப்பா பேச்சக் கேக்கணும்னு வேண்டிக்கிட்டா. கூட்டம் வந்துச்சு. அது மந்திரம்னு தெரிஞ்ச அன்னைக்கு அப்பா மனசு உடைஞ்சு குடும்பத்தையே கொன்னுட்டு தானும் செத்துட்டாரு. இத சொல்ல வந்தப்பவே சயகாவுக்கு ஒரு ஆப்பிள் குடுப்பா, சயகா, இது எந்தக் காசுல வாங்கினதுன்னு கேட்டு வாங்க மாட்டா. எனக்கு இங்க ஒரு குறை உண்டு, இவ்ளோ பெரிய கதைய ஒரே மூச்சுல வாயாலயே சொல்லி முடிச்சிருவாங்க, தனி எபிசோடே குடுத்திருக்கலாம்.

எட்டாவது எபிசோட்ல டிரெயின்ல சயகா உக்காந்திருப்பா, எதிர்ல ரெண்டு ஆம்பளைங்க பொண்ணுங்கள எப்படி உறிஞ்சிட்டுத் தூக்கிப் போடணும்னு சிரிச்சுப் பேசிட்டு வருவாங்க. இவங்களுக்காகவா நான் ராத்திரி ராத்திரி சண்டை போடுறேன்னு அவ கண்ணுல ஏறும். அப்புறம் ஸ்டேஷன்ல, நான் எவ்ளோ பெரிய முட்டாள்னு ஒரு வரி, ஒரு சொட்டுக் கண்ணீர், அந்தக் கல்லு உடையும். சூனியக்காரிங்க எங்க இருந்து வர்றாங்கன்னு அப்பத்தான் நமக்குப் புரியும், நம்பிக்கை செத்துப்போன மேஜிக்கல் கேர்ள்தான் சூனியக்காரி. இதுல வர்ற மனசுச் சக்திய எடுத்துதான் பிரபஞ்சத்தோட ஆயுச நீட்டிக்கிறோம்னு கியூபே என்ட்ரோபி பாடம் எடுக்கும். ஃபிசிக்ஸ் படிச்சவங்க சிரிப்பீங்க, சிரிச்சுக்கோங்க.

அடுத்து ஹோமுரா. மொத எபிசோட்ல ஸ்கூலுக்குப் புதுசா வர்ற திமிரு பிடிச்ச பொண்ணு, மடோகாவ ஒப்பந்தமே போட விடாம மிரட்டிட்டுத் திரிவா. 10வது எபிசோட்ல பாத்தா அவ இதய நோய்க்கு ஆஸ்பத்திரில கிடந்துட்டு வந்த, ரெட்டை ஜடை, கண்ணாடி போட்ட பயந்தாங்கொள்ளி. பேரு உனக்கு சூப்பரா இருக்கு, நெருப்பு மாதிரின்னு அவகிட்ட மொத மொதல்ல அன்பாப் பேசினது மடோகா. அந்த மடோகா செத்துப் போனதால ஹோமுரா காலத்தப் பின்னாடி திருப்பித் திருப்பி அந்த ஒரே மாசத்த மறுபடி மறுபடி வாழ்ந்துட்டு இருக்கா. அதுல ஒரு சுத்துல ரெண்டு பேரும் மழைத் தண்ணில மல்லாந்து கிடப்பாங்க, கல்லு ரெண்டும் கருத்துப் போயிருக்கும், அந்தக் கருப்ப எடுக்கறதுக்கு மடோகா தனக்குன்னு வெச்சிருந்த கடைசி மருந்த எடுத்து ஹோமுரா கல்லுல வெச்சிருவா. அப்புறம் சொல்லுவா, கியூபேகிட்ட ஏமாறுறதுக்கு முன்னாடி இருக்கற அந்த முட்டாள் மடோகாவக் காப்பாத்து, நான் சூனியக்காரி ஆகறதுக்கு முன்னாடி நீயே என்னை சுட்டுரு. ஹோமுரா சுடுவா. அது முடிஞ்சு ஓப்பனிங் பாட்டு வரும், கிளாரிஸ் பாடின கனெக்ட், பத்து எபிசோடா மடோகா பாட்டுன்னு நினைச்சுக் கேட்டுட்டு இருந்த பாட்டு ஹோமுராவோட பாட்டுன்னு அங்கதான் பிடிபடும்.

அந்த எபிசோட் சில ஊர்ல ஒளிபரப்பான கையோட, 2011 மார்ச் 11ஆம் தேதி ஜப்பான்ல பூகம்பமும் சுனாமியும் வந்துச்சு. மிச்ச எபிசோட நிறுத்திட்டாங்க, ஏப்ரல்லதான் போட்டாங்க. 11வதுல ஊரே புயலுக்கு பயந்து ஒரு பெரிய ஹால்ல விரிப்பு விரிச்சுப் படுத்துக் கிடக்கும், மடோகாவோட அம்மா அவள மாடிப்படில மறிச்சு அறைஞ்சுட்டு அப்புறம் அவளே போக விடுவா. அந்த நேரத்துல அங்க முகாம்ல இருந்தவங்க இதப் பாத்திருந்தா எப்படி இருந்திருக்கும்னு நினைக்கவே முடியல.

கடைசில மடோகா ஆசை கேப்பா, எந்தக் காலத்துலயும் எந்த ஊர்லயும் சூனியக்காரி பிறக்கறதுக்கு முன்னாடியே நானே அழிச்சிரணும்னு. ஆள் சாமி மாதிரி ஆகி இந்த உலகத்துல இருந்தே இல்லாமப் போயிருவா, அவ தம்பி மண்ணுல அக்கா மூஞ்சிய வரைவான், அம்மாவுக்கே அது யாருன்னு தெரியாது. யாருக்கு என்ன பண்ணோம்னு காட்டிக்க ஹோமுராவத் தவிர ஒரு ஆளு கூட மிச்சம் இல்ல. மாமி கேட்ட கேள்விக்கு சரியான பதில் சொன்னது அவ ஒருத்திதான்.

ஹோமுரா? 2013ல வந்த ரெபெல்லியன் படத்துல, சாமியாப் போன மடோகாவ அவளே பிச்சு இழுத்து மறுபடி ஸ்கூல் பொண்ணாக்கி தன் கண்ணு முன்னாடி வெச்சுக்குவா. சீரிஸோட முடிவையே கெடுத்துட்டாங்கன்னு திட்டுறவங்க நிறைய பேர். எனக்கு என்னமோ அது ரொம்ப நியாயமாப் பட்டுச்சு. அத்தனை சுத்து சுத்தினவகிட்ட மடோகா நல்லா இருக்கணுமா இல்ல மடோகா உன்கூட இருக்கணுமான்னு கேக்க யாருமே இல்ல, மாமி அந்தக் கேள்விய சயகாகிட்டதான் கேட்டா.

பாக்கறதா இருந்தா மொதல்ல சீரிஸ், அப்புறம் நேரா 2013 படம். 2012ல வந்த ரெண்டு படமும் இதே கதைதான், அவசரம் இல்ல. எட்டாவது எபிசோட டிராவல்ல பாக்காதீங்க. ஓப்பனிங்க மட்டும் ஸ்கிப் பண்ணாதீங்க, 10வது எபிசோட் வரைக்குமாவது.