அரசியல் அடக்குமுறையால் உடைந்துபோன பாட்டுக்குழு ஏதாவது உங்களுக்குத் தெரியுமா?

எனக்குத் தெரிந்து ஒன்று உண்டு: பெர்லினில் இருந்த 'காமெடியன் ஹார்மோனிஸ்ட்ஸ்'. ஐந்து பேர் பாட, ஒருவர் பியானோ.

நான் மதுரை அரசரடிப் பக்கம் ஒரு சர்ச் கொயரில் டெனர், அதாவது ஆண்களில் மேல்குரல், பாடுகிறவன். ஒருநாள் பிராக்டிஸுக்கு முன்னால் எங்கள் மாஸ்டர் அண்ணன் போனில் இவர்களுடைய ஒரு பழைய இசைத்தட்டுப் பாட்டை ஓடவிட்டு, "தம்பி, இதுல எத்தனை வாத்தியம்னு எண்ணிச் சொல்லு" என்றார். டிரம்பெட், கிளாரினெட் என்று விரல் மடக்கினேன். "பியானோ ஒண்ணுதான்டா. மிச்சம் பூராம் வாய்" என்று சிரித்தார். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இது.

1927 டிசம்பரில் ஹாரி ஃப்ரொமர்மான் என்ற 21 வயது இளைஞர் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்து ஆள் சேர்த்தார். 'தினமும் எவ்வளவு நேரம் ஒதுக்க முடியும்' என்று விளம்பரத்திலேயே கேட்டிருந்தாராம். கொயர் நடத்துகிறவர்களுக்குத்தான் இந்த வரியின் அருமை புரியும். எங்களுக்கெல்லாம் கேரல் ரவுண்டு வந்தால்தான் ஆள் தேறும்.

சில வருடங்களிலேயே பெரும்புகழ். 1933இல் ஹிட்லர் வந்தார். ஆறு பேரில் மூவர் யூத வம்சம். அதில் ஒருவர் ஞானஸ்நானம் வாங்கியவர், அதுவும் செல்லவில்லை. 1934இல் அமெரிக்கா போய்ப் பாடிவிட்டு, அங்கேயே தங்காமல் திரும்பியும் வந்தார்கள். 1935 பிப்ரவரியில் அரசின் இசை வாரியம் கடிதம் அனுப்பியது: யூதர்கள் மூவருக்கு உறுப்பினர் இடம் கிடையாது, மற்ற மூவர் இவர்களோடு சேர்ந்து பாடக்கூடாது.

எங்கள் பக்கத்துத் திருமங்கலத்தில் வாழ்ந்த விஸ்வநாததாஸை, நாடக மேடையில் பாடியதற்காக வெள்ளைக்காரன் திரும்பத் திரும்ப ஜெயிலில் போட்டான். அவர் பாட்டில் விடுதலை இருந்தது, சர்க்காருக்குக் கோபம் வந்தது, சரி. இவர்கள் பாடியது பால்கனியில் நிற்கும் கள்ளிச்செடியைப் பற்றி!

அப்புறம் குழு இரண்டானது. யூதர்கள் மூவரும் வியன்னா போய்ப் புது ஆள் சேர்த்தார்கள். பெர்லினில் தங்கியவர்களும் அப்படியே. இரண்டுமே 1941 வாக்கில் கலைந்தன. எங்கள் கொயரில் பேஸ், அதாவது கீழ்க்குரல், பாடும் அண்ணன் ஒருவர் கோயம்புத்தூருக்கு மாற்றலாகிப் போனபோது, அவர் இடத்தில் வேறு ஆளை நிறுத்திப் பழைய பாட்டையே பாடிப் பார்த்தோம். சுருதி பிசகவில்லை. மூச்சு எடுக்கும் இடத்தில்தான் எல்லோரும் முட்டிக்கொண்டோம். பெர்லின் குழுவின் பிற்காலப் பதிவுகளைக் கேட்கும்போது எனக்கு அந்த ஞாபகம்தான். சுத்தமாகப் பாடுகிறார்கள், விளையாட்டு போய்விட்டது.

ஆறு பேரும் மறுபடி ஒரே மேடையில் பாடவே இல்லை. அந்த யூதர்கள் மூவரில் ஒருவரான ரோமான் சிகோவ்ஸ்கி, தன் அப்பாவை நாஜிகள் கொன்றுவிட்டார்கள் என்று அமெரிக்காவில் இருந்தபோது கேள்விப்பட்டார். அதோடு மேடைப் பாட்டை விட்டார். சான் பிரான்சிஸ்கோவில் யூதர்களின் தொழுகைக்கூடத்தில் வழிபாட்டுப் பாடகராக இருந்தார். 1998இல் இறந்தபோது வயது 97.

யூடியூபில் கிடைக்கிறது. 1935க்கு முந்தையதை முதலில் கேளுங்கள், ஹெட்போன் போட்டு.