வடசென்னையிலிருந்து சைபர் செக்யூரிட்டி வேலைக்கு: கேள்வி பதில்

நான் தண்டையார்பேட்டைக்காரி. நிதி நிறுவனம் ஒன்றின் எஸ்.ஓ.சி.யில், அதாவது அதன் கம்ப்யூட்டர்களை இரவு பகலாகக் கண்காணிக்கும் பிரிவில், அனலிஸ்டாக இருக்கிறேன். நம் பக்கத்து ஆட்கள் கேட்டவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

அக்கா, அனலிஸ்ட் என்றால் ஹேக் பண்ணுவதா? தினமும் என்னதான் வேலை? (மாணவர், ராயபுரம்)

பெரும்பாலும் லாக் படிப்பது, தம்பி. லாக் என்றால் கம்ப்யூட்டரில் நடப்பவை தானாகப் பதிவாகும் குறிப்பு. ராத்திரி இரண்டே முக்காலுக்கு ஓர் அலர்ட் வருகிறது என்று வைத்துக்கொள். கணக்குப் பிரிவு ஊழியர் ஒருவரின் பெயரில் 4625 வரிசையாக விழுந்திருக்கிறது. விண்டோஸில் 4625 என்றால் லாகின் தோல்வி, 4624 என்றால் உள்ளே போயாயிற்று. பல நேரம் விஷயம் ஒன்றுமே இருக்காது. அவர் பாஸ்வேர்டை மாற்றியிருப்பார், எங்கோ சேமித்து வைத்த பழைய பாஸ்வேர்ட் தானாகவே தட்டிக்கொண்டிருக்கும். ஆனால் அந்த வரிசைக்குப் பின்னால் ஒரே ஒரு 4624 வந்து, அதில் லாகான் டைப் 10 என்று இருந்தால் நிமிர்ந்து உட்கார வேண்டும். யாரோ ரிமோட் டெஸ்க்டாப் வழியாக உள்ளே வந்திருக்கிறார்கள். எந்த ஐ.பி. முகவரியிலிருந்து? அதே ஐ.பி. வேறு யார் கணக்கையாவது தட்டியதா? வந்தபின் என்ன புரோகிராம் ஓடியது? அந்த ஊழியர் அப்போது வேலையில் இருந்தாரா? எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, அந்த அலர்ட்டுக்கான டிக்கெட்டை மூடுவதா, சீனியரை எழுப்புவதா என்று முடிவெடுப்பதுதான் எல்-1, அதாவது முதல்நிலை அனலிஸ்டின் வேலை. அதற்கு நெட்வொர்க், லினக்ஸ், விண்டோஸ் மூன்றிலும் அடிப்படை வேண்டும். டூல் பெயர்களை மட்டும் மனப்பாடம் செய்து வருகிறவர்கள் இன்டர்வியூவில் தடுக்கி விழுவது இங்கேதான்.

பையனுக்கு 90 ஆயிரம் ரூபாய் கோர்ஸ், வேலை கட்டாயம் என்கிறார்கள். நகையை அடகு வைக்கலாமா? (தகப்பனார், வியாசர்பாடி)

வைக்காதீங்க அண்ணே. வேலைக்கு உத்தரவாதம் என்று யார் சொன்னாலும் சந்தேகப்படுங்கள். லினக்ஸ் பழக ஓவர்தவயர் தளத்தின் பேண்டிட் பயிற்சி இலவசம். ட்ரைஹேக்மீயில் பல பாடங்கள் இலவசம். நெட்வொர்க்கில் போகும் பாக்கெட்டைப் பிரித்துப் பார்க்க வயர்ஷார்க், லாக் சேகரிக்க வாஸு, இரண்டுக்கும் காசு கிடையாது. 8 ஜி.பி. ரேம் உள்ள பழைய லேப்டாப் ஒன்று இருந்தால் ஆரம்பிக்கப் போதும். வீட்டில் உட்கார்ந்து படிக்க இடமில்லை என்றால் கொளத்தூர் முதல்வர் படைப்பகத்தை விசாரித்துப் பாருங்கள். அடிப்படை பிடிபட்ட பிறகு செக்யூரிட்டி பிளஸ் என்ற ஆரம்பநிலைச் சான்றிதழ் தேர்வை எழுதட்டும். சி.ஐ.எஸ்.எஸ்.பி. இப்போது வேண்டாம். அந்தச் சான்றிதழுக்கு 5 வருட அனுபவம் கேட்பார்கள், கம்ப்யூட்டர் சார்ந்த டிகிரி இருந்தால் ஒரு வருடம் கழியும்.

பழகுவதற்காக எங்கள் காலேஜ் வெப்சைட்டில் கை வைக்கலாமா?

கூடாது. எழுத்தில் அனுமதி இல்லாமல் கை வைக்காதே. கெட்ட எண்ணத்தோடு செய்ததாக முடிவானால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-வது பிரிவில் 3 வருடம் வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் இருக்கிறது. பழகத்தான் ட்ரைஹேக்மீ போன்ற தளங்களில் லேப் இருக்கிறதே.

கன்டெய்னர் டெர்மினலில் வேலை பார்க்கிறேன். வயது 31. இனிமேல் மாற முடியுமா? (திருவொற்றியூர்)

உங்களைப் போன்ற ஆள் இந்தத் துறைக்குத் தேவை. 2017 ஜூனில் நாட்பெட்யா வைரஸ் மேர்ஸ்க் என்ற கப்பல் நிறுவனத்தைத் தாக்கியபோது, நவி மும்பையின் ஜே.என்.பி.டி. துறைமுகத்தில் அதன் டெர்மினல் ஒன்றும் முடங்கியது. எந்தப் பெட்டி எங்கே போக வேண்டும் என்று சொல்லும் சிஸ்டம் நின்றுபோனால் யார்டு என்ன ஆகும் என்று எனக்குப் பாடம் எடுக்கும் அளவுக்கு உங்களுக்குத் தெரியும். இயந்திரங்களை இயக்கும் கணினிகளைக் காப்பதை ஓ.டி. செக்யூரிட்டி என்கிறார்கள். எண்ணூர், மணலி என்று துறைமுகமும் ஆலைகளும் உள்ள நம் பகுதியில், ஆபீஸ் கம்ப்யூட்டரை மட்டும் அறிந்தவரைவிட உங்களுக்கு இதில் கூடுதல் பிடி இருக்கிறது. ஆலையில் ஓடும் கன்ட்ரோலரை நினைத்த நேரத்தில் ரீஸ்டார்ட் செய்யக் கூடாது என்பதை உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நெட்வொர்க்கை மட்டும் ஒழுங்காகப் படியுங்கள். இருக்கும் வேலையை விடாமலே படியுங்கள்.

நைட் ஷிஃப்டுக்கு வீட்டில் விட மாட்டார்கள் அக்கா. (பெரம்பூர், பி.காம்.)

எஸ்.ஓ.சி. என்றால் ஷிஃப்ட் உண்டு, மறைக்க மாட்டேன். ஓ.எம்.ஆர். வரை போய்வருவதும் சுலபமில்லை. ராத்திரி வீட்டு வாசல் வரை கேப் விடுவார்களா என்று இன்டர்வியூவிலேயே கேள், தயங்காதே. பி.காம். என்பதால் உனக்கு இன்னொரு வழியும் இருக்கிறது: ஜி.ஆர்.சி. அதாவது, தகவல் பாதுகாப்புக்கான ஐ.எஸ்.ஓ. 27001 போன்ற விதிகளை நிறுவனம் கடைப்பிடிக்கிறதா என்று ஆதாரம் கேட்டுச் சரிபார்க்கும் வேலை. பெரும்பாலும் பகல் வேலைதான். ஆடிட்டிங் படித்த கண் அதற்கு நன்றாகவே உதவும்.

தமிழ் மீடியம். இங்கிலீஷ் தடுமாறும். (பலர் கேட்டது)

பேச்சைவிட எழுத்துதான் இங்கே முக்கியம். செர்ட்-இன் என்பது சைபர் தாக்குதல்களைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பு. 2022-இல் வந்த அதன் உத்தரவுப்படி, பட்டியலில் உள்ள சைபர் தாக்குதல்களைக் கவனித்த 6 மணி நேரத்துக்குள் அதற்குத் தெரிவித்தாக வேண்டும். அந்த அவசரத்தில் அலங்காரமான இங்கிலீஷ் யாருக்கும் வேண்டாம். எந்த மெஷின், எத்தனை மணிக்கு, என்ன நடந்தது, நான் என்ன செய்தேன் என்று சின்னச் சின்ன வாக்கியங்களில் எழுதினால் போதும். ஒவ்வொரு லேப் முடித்ததும் இப்படி ஒரு பக்கம் எழுதி, தெரிந்த டீச்சர் யாரிடமாவது திருத்தி வாங்குங்கள். நன்றாக வந்தவற்றை இன்டர்வியூவுக்குக் கையோடு எடுத்துப் போங்கள்.