ஆறாம் வசனத்தைத் தாண்டியவர்கள்

அன்புள்ள ஐயா,

ஸ்தோத்திரம். எங்கள் சபையில் ஞாயிறு பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். என் வகுப்பில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி சில வாரங்களாகப் பாடல் பயிற்சிக்குப் போகமாட்டேன் என்று அடம்பிடித்தாள். தனியாக இருந்தபோது காரணத்தைச் சொன்னாள். பயிற்சி தருகிறவர் சபை மூப்பர்களில் ஒருவர். அவர் தன்னிடம் நடந்துகொண்டதைச் சொல்லிவிட்டு, "வெளியே சொன்னால் இயேசு கோபித்துக்கொள்வார் என்று மாமா சொன்னார்" என்றாள். நான் போதகரிடம் போனேன், கமிட்டி கூடியது. அவர் அழுது மன்னிப்புக் கேட்டாராம். மத்தேயு 18:15இன்படி தனிமையில் தீர்த்தாயிற்று, போலீசுக்குப் போனால் கிறிஸ்துவின் நாமம் தூஷிக்கப்படும் என்கிறார்கள். சிறுமிக்காகப் பெயர் சொல்லி ஜெபிக்கவும் செய்கிறார்கள். தாய் பயப்படுகிறார். நான்தான் கசப்பை வளர்க்கிறேனா?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள சகோதரிக்கு,

இல்லை. காவல்துறையிடமோ குழந்தைகள் பாதுகாப்பு அதிகாரிகளிடமோ இன்றே சொல்லுங்கள். பல நாடுகளில் இப்படிப்பட்ட குற்றத்தை அறிந்தும் சொல்லாமல் இருப்பதே தண்டனைக்குரியது. சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்திலும் என் பதில் இதுதான்.

கமிட்டி காட்டிய மத்தேயு 18ஆம் அதிகாரத்தையே எடுத்துக்கொள்வோம். அதன் தொடக்கத்தில் இயேசு ஒரு பிள்ளையை அழைத்துச் சீஷர்களின் நடுவே நிறுத்துகிறார். ஆறாம் வசனத்தில், இந்தச் சிறியரில் ஒருவனுக்கு இடறல் உண்டாக்குகிறவனின் கழுத்தில் ஏந்திரக்கல்லைக் கட்டிக் கடலின் ஆழத்தில் அமிழ்த்துவது அவனுக்கு நலம் என்கிறார். அவர் இத்தனை கடுமையாகப் பேசிய இடங்கள் குறைவு. பதினைந்துக்குப் போனவர்கள் இதைத் தாண்டித்தான் போயிருக்க வேண்டும். அந்தப் பதினைந்தாம் வசனமும், குற்றம் செய்த சகோதரனிடம் பாதிக்கப்பட்டவரே தனித்துப் போய் உணர்த்தும் வழியைத்தான் சொல்கிறது. ஒன்பது வயதுப் பிள்ளை அந்த மூப்பருடன் மீண்டும் ஓர் அறையில் தனித்திருக்க வேண்டும் என்றா கேட்கிறார்கள்? அவளுக்குச் செய்ததை அவள் சார்பில் மன்னிக்கக் கமிட்டிக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

அடுத்து 1 கொரிந்தியர் 6 வரும், தயாராக இருங்கள். சகோதரனோடு வழக்காடுவதைவிட நஷ்டத்தைப் பொறுத்துக்கொள்ளலாமே என்று பவுல் அங்கே கேட்பது, தன் நஷ்டத்துக்காக வழக்குப் போடுகிறவரிடம். ஊரார் பிள்ளையின் நஷ்டத்தைப் பொறுத்துக்கொள்ளும் தாராளத்தை அவர் யாருக்கும் போதிக்கவில்லை. தன்னைக் கொல்லச் சதி நடப்பதாகத் தெரிந்தபோது அவரே தன் சகோதரியின் மகனை ரோமச் சேனாதிபதியிடம் அனுப்பினார் (அப்போஸ்தலர் 23).

உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு 2 சாமுவேல் 13தான் நினைவுக்கு வந்தது. தாவீது ராஜாவின் மகன் அம்னோன், மாற்றாந்தாய் மகளான தாமாரைக் கெடுத்தான். அவள் அண்ணன் அப்சலோம், அவன் உன் சகோதரன், பேசாமல் இரு என்றான். தாவீது எல்லாவற்றையும் கேள்விப்பட்டு மிகவும் கோபம் கொண்டான். அதோடு சரி. மகனைத் தண்டித்ததாகவோ மகளைப் போய்ப் பார்த்ததாகவோ ஒரு வரி இல்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து அப்சலோமே தன் வேலைக்காரரை ஏவி அம்னோனைக் கொன்றான். தவறு செய்த தன் மகன்களை ஆசாரியன் ஏலி கடிந்துகொள்ளவாவது செய்தான் (1 சாமுவேல் 2); ஆனால் ஆசாரிய வேலையில் அப்படியே விட்டுவைத்தான். அடக்கவில்லை என்பதே அவன்மேல் வந்த தீர்ப்பு. அழுத மூப்பர் அடுத்த வாரமும் பயிற்சி அறைக்குள் போவாரா என்று கமிட்டியிடம் கேட்டுப் பாருங்கள்.

நிறுவனங்களில் குழந்தைகளுக்கு நேர்ந்த பாலியல் கொடுமையை விசாரிக்க ஆஸ்திரேலியாவில் 2013 முதல் 2017 வரை நடந்த அரச ஆணையத்தின் தனி அமர்வுகளில் பேசிய பாதிக்கப்பட்டவர்கள், நடந்ததை முதன்முதலாக வெளியே சொல்லச் சராசரியாக ஏறத்தாழ 24 ஆண்டுகள் ஆகியிருந்தது. பல மத நிறுவனங்கள் இதைக் குற்றமாகப் பார்க்காமல் மன்னிக்கத்தக்க பாவமாகவே நடத்தின என்பதும் அந்த ஆணையம் கண்டதுதான். உங்கள் சிறுமியோ சில வாரங்களில் சொல்லிவிட்டாள். அவள் தேர்ந்தெடுத்த ஆள் நீங்கள்.

கிறிஸ்துவின் நாமத்தைப் பற்றிய கவலை எனக்கும் உண்டு. கோபித்துக்கொள்வார் என்று அவர் பெயரைச் சொல்லி ஒரு பிள்ளையின் வாயை அடைத்தார்களே, அந்த நாமம் தூஷிக்கப்பட்டது அங்கேதான். கர்த்தருடைய நாமத்தை வீணிலே வழங்குவதற்கு இதைவிட அப்பட்டமான உதாரணம் எனக்குத் தெரியாது. அவளது பெயரை ஜெபக்குறிப்பாக்கி ஊரறியச் செய்வதையும் உடனே நிறுத்தச் சொல்லுங்கள்.

அவர் அழுதது உண்மையாகவே இருக்கட்டும். வரி வசூலிக்கும் சகேயு மனந்திரும்பியபோது, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்றான். அவனை யாரும் வற்புறுத்தவில்லை. மனந்திரும்பிய மூப்பர் தானே காவல் நிலையத்துக்குப் போய் ஒப்புக்கொள்ளலாம். போகவில்லையே.

சிறுமியைத் திரும்பத் திரும்ப விசாரிக்காதீர்கள், கமிட்டியையும் விசாரிக்க விடாதீர்கள். பலர் பலமுறை கேட்டால் பிள்ளை குழம்புவாள், வழக்கும் பலவீனப்படும். அவள் சொன்னதை அவள் சொன்ன வார்த்தைகளிலேயே தேதியிட்டு எழுதிவையுங்கள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள்; உன்னைக் காக்கக்கூடியவர்களிடம் மட்டும் சொல்வேன் என்று சொல்லுங்கள். தவறு உன்னுடையது அல்ல, இயேசுவுக்கு உன்மேல் கோபம் இல்லை என்பதையும் அவள் உங்கள் வாயால் கேட்கவேண்டும். அந்த மூப்பரிடம் நீங்கள் பேசப் போகவேண்டாம்.

தாய் பயப்படுவது இயல்பு. புகார் கொடுக்கப் போகும்போது கூட வருகிறேன் என்று அவரிடம் சொல்லுங்கள். அப்போதும் தயங்கினால் நீங்களே தகவல் கொடுங்கள். ஞாயிறு பள்ளி வகுப்பை உங்களிடமிருந்து எடுத்துவிடக்கூடும், எடுக்கட்டும். போதகருக்குப் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.