நதானியேல் ஏம்ஸ்: பஞ்சாங்கம், மருத்துவம், வழக்கு – கேள்வி பதில்

கேள்வி: ஐயா, அமெரிக்காவில் பஞ்சாங்கம் எழுதியவரும் மருத்துவருமான நதானியேல் ஏம்ஸ் தம் முதல் பஞ்சாங்கத்தை (ஆங்கிலத்தில் ‘அல்மனாக்’ எனப்படும் ஆண்டு நாட்காட்டி நூலை) பதினேழு வயதில் கணித்தார் என்பது உண்மையா?

பதில்: உண்மைதான். 1708இல், அப்போது பிரிட்டிஷ் குடியேற்றமாக இருந்த மாசசூசெட்ஸின் பிரிட்ஜ்வாட்டரில் பிறந்த அவர், 1726ஆம் ஆண்டுக்கான பஞ்சாங்கத்தை அதற்கு முந்தைய ஆண்டிலேயே கணித்து, பாஸ்டனில் அச்சேற்றினார். கல்லூரியில் பயின்றவர் அல்லர்; அவருடைய தந்தையும் வானியலில் நாட்டம் உடையவர். மருத்துவராகவும் இருந்த அவருக்கு அதற்கும் பட்டம் கிடையாது. அமெரிக்கக் குடியேற்றங்களின் முதல் மருத்துவக் கல்லூரியே 1765இல்தான், அதாவது அவர் இறந்த மறு ஆண்டில்தான், பிலடெல்பியாவில் தோன்றியது.

கேள்வி: பெஞ்சமின் பிராங்கிளினைப் பார்த்துத்தானே இவர் பஞ்சாங்கம் போட்டார்?

பதில்: இல்லை. பிராங்கிளினின் ‘புவர் ரிச்சர்ட்’ என்ற பஞ்சாங்கம் 1733ஆம் ஆண்டுக்கே முதன்முதலாக வந்தது. அதற்குள் ஏம்ஸின் பஞ்சாங்கம் ஏழு ஆண்டுகளைக் கண்டிருந்தது. ஆண்டுக்கு அறுபதாயிரம் படிகள் வரை விற்றதாகச் சொல்வதுண்டு.

கேள்வி: மருத்துவராக இருந்தவர் எதற்காக மதுவிடுதி நடத்தினார்?

பதில்: விடுதி திருமணத்தின் வழியாகவும், பின்னர் வழக்கின் வழியாகவும் அவர் கைக்கு வந்தது. டெடம் ஊரில் குடியேறிய ஏம்ஸ், விடுதி உரிமையாளரான ஜோஷுவா பிஷரின் மகள் மேரியை 1735இல் மணந்தார். 1737இல் மேரி ஒரு கைக்குழந்தையை விட்டுவிட்டு இறந்தார். பிஷர் என்று தாய்வழிக் குடும்பப் பெயரிடப்பட்ட அந்தக் குழந்தையும் மறு ஆண்டே இறந்துவிட்டது. விடுதிச் சொத்தில் மேரியின் பங்கு குழந்தைக்குச் சேர்ந்திருந்ததால், குழந்தையின் சொத்து யாருக்கு என்ற கேள்வி எழுந்தது. பிள்ளையின் சொத்து பெற்றோரை நோக்கி மேலேறாது என்பது இங்கிலாந்தின் பொதுச்சட்ட மரபு. ஆகவே தங்களுக்கே உரியது என்றனர் மேரியின் உறவினர். மாகாணச் சட்டமோ நெருங்கிய உறவினருக்கே சொத்து என்றது. இறந்த குழந்தைக்குத் தந்தையைவிட நெருங்கியவர் யார் என்று வாதிட்ட ஏம்ஸ், பல ஆண்டு இழுபறிக்குப் பின் 1749இல் வென்றார்.

கேள்வி: அவர் நீதிபதிகளைக் கேலி செய்து விடுதிப் பலகை வரையச் செய்தார் என்கிறார்களே?

பதில்: டெடமில் வழிவழியாக வழங்கிவரும் கதை அது. தமக்கு எதிராக நின்ற நீதிபதிகள், திறந்து கிடக்கும் சட்டப் புத்தகத்துக்கு முதுகைக் காட்டியபடி இருப்பதாகப் பலகையில் வரையச் செய்தாராம். அதைக் கழற்ற அதிகாரிகள் வருவதை முன்கூட்டியே அறிந்து, ‘பொல்லாத சந்ததி அடையாளம் தேடுகிறது’ என்ற விவிலிய வசனத்தை அந்த இடத்தில் மாட்டிவைத்தாராம்; அடையாளத்துக்கும் பெயர்ப்பலகைக்கும் ஆங்கிலத்தில் ‘சைன்’ என்ற ஒரே சொல்தான். வென்றவருக்கு இவ்வளவு கோபம் தேவைதானா என்று தோன்றலாம். தீர்ப்பு ஒருமனதாக வரவில்லை என்பதே அவரை உறுத்தியது. இதே மனிதர்தான், பாஸ்டனிலிருந்து பதினோரு மைல் தொலைவில், சூரியன் சின்னம் தொங்கும் தம் விடுதியில் நியாயமான விலைக்கு உபசரிப்பு உண்டு என்று தம் பஞ்சாங்கத்திலேயே விளம்பரமும் செய்துகொண்டார்.

கேள்வி: அவருடைய பிள்ளைகளைப் பற்றிச் சொல்லுங்கள், ஐயா.

பதில்: 1740இல் டெபோரா பிஷர் என்பவரை மறுமணம் செய்துகொண்டார். மூத்த மகன் நதானியேல், தந்தையைப் போலவே மருத்துவராகி, 1764இல் தந்தை இறந்தபின் 1775 வரை பஞ்சாங்கத்தைத் தொடர்ந்தார்; 1758இல் தொடங்கிய நாட்குறிப்பைச் சாகும் வரை எழுதினார். 1758இல் பிறந்த இளைய மகனுக்கு, இறந்துபோன குழந்தையின் பெயரான பிஷர் என்பதையே வைத்தனர். பன்னிரண்டு வயதில் ஹார்வர்டில் சேர்ந்த பிஷர் ஏம்ஸ், பின்னாளில் விடுதலைப் போராட்டத் தலைவரான சாமுவேல் ஆடம்ஸையே தேர்தலில் தோற்கடித்து அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசின் முதல் அவைக்குச் சென்றார். அவர் வலுவான மைய அரசை விரும்பிய பெடரலிஸ்ட் கட்சிக்காரர், அண்ணனோ அதை எதிர்த்த ஜெபர்சன் கட்சியின் தீவிர ஆதரவாளர். ஒரே ஊரில் வாழ்ந்த உடன்பிறந்தோரின் இந்த அரசியல் பகை, அண்ணனின் நாட்குறிப்பில் கசப்போடு பதிவாகியிருக்கிறது.

கேள்வி: அந்த விடுதி என்ன ஆயிற்று?

பதில்: விதவையான டெபோராவே நடத்தினார். பின்னர் அவர் ரிச்சர்ட் உட்வர்டை மணந்ததால், அது உட்வர்டு விடுதி எனப்பட்டது. 1774 செப்டம்பரில், பிரிட்டனின் அடக்குமுறைச் சட்டங்களை எதிர்த்த சஃபோக் மாவட்டப் பிரதிநிதிகள் அங்குக் கூடினர். அவர்களுடைய தீர்மானங்கள் சில நாட்களில் மில்டனில் நிறைவேறின.