கண்கட்டை எடுத்ததும் மறு கண் மங்கலாகத் தெரிவது பற்றி

இடது கண்ணின் கட்டை எடுத்ததும் வலது கண்ணில் எல்லாம் மங்கலாகத் தெரிகிறது, அதன் பார்வை மங்கிவிட்டதா என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் வலது கண் மங்கவில்லை, பயப்படாதீர்கள். மூன்று மணி நேரம் கட்டுக்குள் இருந்த இடது கண் இருட்டுக்குப் பழகியிருக்கிறது. கட்டை எடுத்துவிட்டு தி.நகர் வெயிலில் இறங்கியதும் அது எல்லாவற்றையும் வெளுப்பாக, பளிச்சென்று காட்டும். பக்கத்தில் வலது கண் சோர்ந்த மாதிரிதான் தோன்றும்.

இந்தக் கூச்சம் சில நிமிடங்களில் அடங்கிவிடும். அதற்குப் பிறகும் லேசான வித்தியாசம் இருந்தால் அது மூளையின் வேலை. தகவல் வராத கண்ணுக்கு மூளை தற்காலிகமாகக் கூடுதல் மதிப்புக் கொடுக்கிறது. 2011இல் இத்தாலிய ஆய்வாளர்கள் பெரியவர்களுக்கு ஒரு கண்ணை 150 நிமிடம் மூடிப் பார்த்தார்கள். திறந்த பிறகு மூடியிருந்த கண்தான் ஓங்கி நின்றது. கண்ணை மூடினால் அது பலவீனமாகும் என்று நினைத்திருந்தவர்களுக்கு நல்ல ஆச்சரியம்! இதுவும் தானாகச் சரியாகிவிடும்.

இப்படிச் சோதித்துப் பாருங்கள்: வீட்டு நிழலில் அரை மணி நேரம் இரண்டு கண்ணையும் திறந்து வைத்திருங்கள். அப்புறம் நாட்காட்டியின் சிவப்புத் தேதியை, உள்ளங்கையால் ஒரு கண்ணை மாற்றி மாற்றி அழுத்தாமல் மறைத்துப் பாருங்கள். இரண்டிலும் ஒரே சிவப்பாகத் தெரிந்தால் சரி.

மறுநாளும் ஒரு கண்ணில் சிவப்பு மங்கலாக இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். வலி, மின்னல் வெட்டு, திரை விழுந்தது போன்ற நிழல் என்றால் காத்திருக்கவே வேண்டாம்; அன்றே எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

கட்டு இருக்கும்வரை வண்டி ஓட்டாதீர்கள். ஒற்றைக் கண்ணில் தூரக் கணிப்பு தவறும்.