அடுப்படித் தபால்: மேலே பொன்னிறம், அடியில் பச்சை மாவு

போன இதழில் பீச் பழம் பற்றிய ஒரு பதிலின் கடைசியில், "ஆப்பிள் காலம் வந்தால் காப்ளர்தான்" என்று போகிற போக்கில் எழுதிவிட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் மேசையில் ஒரு கட்டாகக் கிடக்கின்றன. பாதிப்பேர் காப்ளர் என்றால் என்ன என்று கேட்கிறார்கள். மீதிப்பேர் செய்து பார்த்துவிட்டு என்னைத் திட்டுகிறார்கள். இந்த மாதம் வேறு எந்தக் கேள்வியும் கிடையாது.

காப்ளர் என்றால் செருப்புத் தைப்பவர் என்றுதான் படித்தோம். இது என்ன பண்டம்? ஆப்பிள் பையும் இதுவும் ஒன்றா?
வாசகர், விருதுநகர்

செருப்புக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை தம்பி. பை (pie) என்பது பழத்தை மாவுக்குள் மூடிச் சுடுவது, அதற்கு அடியிலும் மாவு உண்டு. அதைக் குளிர வைத்து, வட்டமாகத் தேய்த்து, கிழியாமல் தட்டில் விரித்து, ஓரத்தை மடித்துக் கிள்ளி, அரை நாள் போய்விடும். காப்ளரில் பழம் அடியில், மாவு மேலே. தேய்க்கிற வேலையே இல்லை. கரண்டியால் அள்ளி அங்கொன்றும் இங்கொன்றுமாகப் போட்டால் தீர்ந்தது. வெந்து வந்தால் உருண்டைக் கல் பாவிய பழைய தெரு மாதிரி மேடும் பள்ளமுமாக இருக்கும். அந்தக் கல்லுக்கு ஆங்கிலத்தில் காப்ள் என்று பெயர், பண்டத்தின் பெயரே அதனால் வந்ததுதான் என்று இங்கே அமெரிக்காவில் பலர் சொல்வார்கள்.

1839ல் வந்த கென்டக்கிச் சமையல் நூல் ஒன்றில் பீச் காப்ளர் இருக்கிறது. எழுதிய அம்மாள் ஒளிவுமறைவு இல்லாதவர். விருந்தாளிக்கு வைக்க இது பகட்டான பண்டம் இல்லை, வீட்டு மனுஷருக்கு ரொம்ப நன்றாக இருக்கும், குளிர்ந்த பாலோடு கொடுங்கள் என்கிறார். அந்த நாளில் பானையின் உட்பக்கத்திலும் கனமாக மாவு பூசியிருக்கிறார்கள். இப்போது மேல்மாவோடு சரி.

அக்கா, மூன்று தடவை செய்துவிட்டேன். மேலே பார்த்தால் அழகான பொன்னிறம். கரண்டி விட்டால் அடியில் பச்சை மாவு, களி மாதிரி ஒட்டுகிறது. ஆப்பிளில் பாதி கல், மீதி தண்ணீரில் மிதக்கிறது. 45 நிமிடம் வைத்தேன், ஒரு மணி நேரமும் வைத்தேன். மாவு அளவில் தப்பா?
வாசகி, ஓசூர்

மாவில் ஒரு தப்பும் இல்லை. நீங்கள் சொல்லாமல் விட்ட ஒரு விஷயத்தை நான் சொல்லட்டுமா? ஆப்பிளை நறுக்கி, சர்க்கரை பிசறி, அப்படியே பச்சையாகப் பாத்திரத்தில் கொட்டி, மேலே மாவைப் போட்டு ஓவனுக்குள் தள்ளினீர்கள். சரிதானே?

எனக்கு எப்படித் தெரியும் என்றால், நானும் அதைத்தான் செய்தேன். 1994, நாங்கள் வட கரோலினாவின் மலைப்பக்கம் குடிவந்த முதல் இலையுதிர் காலம். ஹெண்டர்சன் கவுண்டி முழுக்க ஆப்பிள் தோட்டம். செப்டம்பர் தொடக்கத்தில் தொழிலாளர் தின விடுமுறையை ஒட்டி ஹெண்டர்சன்வில் கடைவீதியை அடைத்து ஆப்பிள் திருவிழா நடக்கும், நம்மூர்த் தேர்த் திருவிழா மாதிரி, தேர்தான் இல்லை. என் வீட்டுக்காரர் அங்கே அரை புஷல் ஆப்பிள் வாங்கிவிட்டார். அரை புஷல் என்றால் ஏதோ ஒரு பை என்று நினைத்திருக்கிறார். 21 பவுண்டு, நம் கணக்கில் ஒன்பதரைக் கிலோ. வீட்டில் இரண்டே பேர்.

பக்கத்து வீட்டில் எழுபது தாண்டிய ஓர் அம்மாள் தனியாக இருந்தார். அவருக்குக் கொடுக்கலாம் என்று ஒரு காப்ளர் செய்து எடுத்துப் போனேன். வாங்கிக்கொண்டு, கரண்டியால் ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தார். முகம் சுளிக்கவில்லை. என் கையைப் பிடித்துத் தன் அடுப்படிக்குக் கூட்டிப்போய் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார். அவர் கேட்டது ஒரே கேள்வி: "ஆப்பிள் சூடாக இருந்ததா?"

விஷயம் அவ்வளவுதான். ஓவனின் சூடு மேல்மாவுக்கு மேலிருந்து கிடைத்துவிடுகிறது. அதன் வயிற்றுப்பக்கம் பழத்தின் மேல் படுத்திருக்கிறது. பழம் குளிர்ந்திருந்தால் அது சூடேறவே அரை மணி நேரம் எடுக்கும். அதற்குள் மேலே சிவந்துவிடும். நீங்களும் பயந்து வெளியே எடுத்துவிடுவீர்கள். பழம் முதலிலேயே தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தால், போட்ட நிமிடத்திலிருந்து அடியில் ஆவி, மேலே அனல். இட்லித் தட்டை எப்போது உள்ளே வைப்பீர்கள்? தண்ணீர் கொதித்த பிறகுதானே? அதே நியாயம்.

தண்ணீர்ப் பிரச்சினைக்கும் மருந்து இதுவே. மாங்காய்க்கு உப்புப் போட்டால் நீர் விடுகிறதல்லவா, ஆப்பிள் சர்க்கரைக்கு விடும். அந்த நீரைக் கெட்டியாக்கத்தான் கார்ன்ஃப்ளார். அது கொதி நிலைக்குப் பக்கத்தில் போனால்தான் வேலை செய்யும். ஓரத்தில் குமிழி வந்தால் போதாது, நடுவில் வர வேண்டும்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். ஒரு கிலோ ஆப்பிள், தோல் சீவி, கட்டைவிரல் கனத்தில் துண்டுகள். அகலமான கடாயில் 30 கிராம் வெண்ணெய், ஆப்பிள், 100 கிராம் சர்க்கரை, ஒரு எலுமிச்சையின் சாறு, ஒரு டீஸ்பூன் பட்டைத் தூள், ஒரு சிட்டிகை உப்பு. மூடி வைத்து எட்டுப் பத்து நிமிடம். துண்டின் ஓரம் கண்ணாடி மாதிரி ஆகி நடு இன்னும் விறைப்பாக இருக்கும்போது, ஒரு டேபிள்ஸ்பூன் கார்ன்ஃப்ளாரை இரண்டு ஸ்பூன் தண்ணீரில் கரைத்து ஊற்றிக் கொதிக்க விடுங்கள்.

அது வேகிற நேரத்தில் மாவு. 200 கிராம் மைதா, மூன்று டேபிள்ஸ்பூன் சர்க்கரை, இரண்டு டீஸ்பூன் பேக்கிங் பவுடர், கால் டீஸ்பூன் சமையல் சோடா, கால் டீஸ்பூன் உப்பு. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த 85 கிராம் வெண்ணெயைத் துருவிப் போட்டு விரல் நுனியால் உதிர்த்துவிடுங்கள். நம்மூர் மஞ்சள் வெண்ணெயில் ஏற்கெனவே உப்பு உண்டு, அதைப் போட்டால் தனி உப்பு வேண்டாம். பிறகு 170 மில்லி கெட்டி மோர். முள்கரண்டியால் நாலு சுற்று, போதும். சப்பாத்தி மாவு மாதிரி பிசைந்தீர்களோ, சப்பாத்தியேதான் கிடைக்கும். பார்க்க அசிங்கமாக, திட்டுத்திட்டாக இருக்கட்டும்.

கொதிக்கிற ஆப்பிளை எட்டு அங்குலச் சதுரப் பாத்திரத்தில் ஊற்றி, ஆறவிடாமல் மேலே மாவை ஒன்பது குவியலாகப் போடுங்கள். இடைவெளி விடுங்கள், ஆவி போக வழி வேண்டும். 190 டிகிரி செல்சியஸில் 30 முதல் 35 நிமிடம். நடுக் குவியலை நெம்பிப் பாருங்கள். வயிற்றுப்பக்கம் பன் மாதிரி உலர்ந்திருந்தால் எடுத்துவிடலாம். எடுத்த உடனே வெட்டாதீர்கள், இருபது நிமிடம் ஆறினால்தான் சாறு இறுகும்.

நான் பார்த்த காப்ளர் செய்முறையில் 375 டிகிரி என்று போட்டிருக்கிறது. என் ஓடிஜி ஓவனில் 250க்கு மேல் எண்ணே இல்லை. புது ஓடிஜி வாங்க வேண்டுமா?
வாசகி, கோவை

வேண்டாம் கண்ணு. அது ஃபாரன்ஹீட். உங்கள் ஓடிஜியில் 190.

எந்த ஆப்பிள் நல்லது? இங்கே சிம்லா ஆப்பிள், காஷ்மீர் ஆப்பிள், பச்சை ஆப்பிள் மூன்றும் கிடைக்கின்றன.
வாசகி, சேலம்

பச்சை ஆப்பிள். அது கிரானி ஸ்மித். 1868ல் சிட்னிக்குப் பக்கத்தில் மரியா ஆன் ஸ்மித் என்ற பாட்டியின் தோட்டத்தில் தானாக முளைத்த கன்று, பெயரும் அப்படியே ஒட்டிக்கொண்டது. புளிப்பு அதிகம், வெந்தாலும் துண்டு துண்டாக நிற்கும்.

சிவந்து, நீண்டு, அடியில் ஐந்து முண்டு தெரிகிற ரெட் டெலிஷியஸ்தான் நம் கடைகளில் சிம்லா ஆப்பிள் என்று பெரும்பாலும் வருவது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. அதுவும் அமெரிக்கச் சரக்குதான், அயோவா மாநிலத்துப் பழம். பிலடெல்பியாவிலிருந்து வந்து சிம்லாவுக்கு அப்பால் கோட்கரில் குடியேறிய சாமுவேல் ஸ்டோக்ஸ் என்பவர் 1916ல் கன்றுகளை வரவழைத்து நட்டார். இமாச்சலத்தின் ஆப்பிள் வியாபாரம் வளர்ந்தது அதிலிருந்து. கையில் வைத்துக் கடிக்கத் தோதான பழம், அடுப்புக்கு ஆகாது. புளிப்பு இல்லை, சூடு பட்டால் மாவாகக் குழைந்துவிடும். அதுதான் கிடைக்கிறது என்றால் பாதிக்குப் பாதி பச்சை ஆப்பிள் கலந்து, எலுமிச்சைச் சாற்றை இன்னும் அரை மூடி கூட்டுங்கள். புளிப்பு சுவைக்கு மட்டுமில்லை, துண்டு சட்டென்று குழையாமலும் பிடித்து வைக்கும்.

நான் இங்கே இரண்டு மூன்று வகை கலந்துதான் போடுவேன். மக்கின்டாஷ் கரைந்து குழம்பாகும், கிரானி ஸ்மித் துண்டாக நிற்கும். மினசோட்டா பல்கலைக்கழகம் 1991ல் வெளியிட்ட ஹனிகிரிஸ்ப் வகையை எல்லோரும் கொண்டாடுகிறார்கள். விற்கிற விலைக்கு அதை வேக வைக்க எனக்கு மனசு வராது.

முட்டை போடாமல் செய்ய முடியுமா? அப்புறம் பட்டர்மில்க் என்பது நம் மோர்தானா?
வாசகி, கும்பகோணம்

மேலே சொன்னதில் முட்டையே இல்லை, திரும்பப் படியுங்கள். மோர் விஷயத்தில் நீங்கள் கேட்டது நல்ல கேள்வி. இங்கே கடையில் விற்கும் பட்டர்மில்க் பாலை உறை குத்திப் புளிக்க வைத்தது, தோசை மாவு பதத்தில் ஊற்றலாம். நம் நீர்மோரை ஊற்றினால் மாவு ஓடிவிடும். மூன்று பங்கு தயிர், ஒரு பங்கு பால், கடைந்து ஊற்றுங்கள். ஒரு நாள் புளித்த தயிராக இருந்தால் சோடா நன்றாகப் பொங்கும்.

என் மருமகள் இந்த ஊர்ப்பெண். அவள் மாவைத் தண்ணீராகக் கரைத்து அடியில் ஊற்றி, பழத்தை மேலே போடுகிறாள். இது தலைகீழ் இல்லையா? எது சரி?
வாசகி, டாலஸ்

இரண்டும் சரி, மருமகளோடு சண்டைக்குப் போகாதீர்கள். அது அமெரிக்கத் தென்மாநிலங்களின் குறுக்குவழி. ஒரு கப் மாவு, ஒரு கப் சர்க்கரை, ஒரு கப் பால், கொஞ்சம் பேக்கிங் பவுடர். பாத்திரத்தில் ஒரு கட்டி வெண்ணெயை உருக்கி, அதன் மேல் கரைத்த மாவு, அதன் மேல் பழம். கலக்கவே கூடாது. வேகும்போது மாவு உப்பிப் பழத்தை விழுங்கிக்கொண்டு தானே மேலே வந்துவிடும். கடைசியில் பார்த்தால் பழம் உள்ளே, மாவு மேலே. ஓரமெல்லாம் வெண்ணெயில் பொரிந்து முறுகலாக இருக்கும், அந்த ஓரத்துக்கு என் வீட்டில் அடிதடி. ஆனால் அது கேக்குக்குச் சித்தப்பா பிள்ளை. இனிப்பும் கூடுதல். உங்கள் ஊர்ப் பக்கம் பீச்சுக்கு அதுதான் பொருத்தம். ஆப்பிளுக்கு என் ஓட்டு மோர் மாவுக்கு.

ஓவன் இல்லை. குக்கரில் மணல் போட்டுச் செய்யலாமா?
வாசகர், தஞ்சாவூர்

செய்யலாம், மேலே சிவக்காது. சிவக்காத காப்ளரைக் கஷ்டப்பட்டுச் செய்வதை விட, அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் செய்கிற மாதிரி அடுப்பின் மேலேயே செய்துவிடுங்கள். கொதிக்கிற பழத்தில் அதே மாவை உருண்டையாகப் போட்டு, இறுக மூடி, சிறு தீயில் பதினைந்து நிமிடம். நடுவில் திறக்கக் கூடாது. ஆவியில் வெந்த உருண்டைகள், பால் கொழுக்கட்டைக்குத் தூரத்துச் சொந்தம். இதற்கு கிரன்ட் என்று பெயர், ஸ்லம்ப் என்றும் சொல்வார்கள். முதலாவது பன்றி உறுமுவது, இரண்டாவது தொப்பென்று சரிவது. பெயர் வைத்தவர்களுக்கு நாக்கு ருசி தெரிந்த அளவுக்குக் காது தெரியவில்லை.

வெனிலா ஐஸ்கிரீம் வைத்தே ஆக வேண்டுமா? என் பிள்ளைகள் சட்டம் பேசுகிறார்கள்.
வாசகி, நியூ ஜெர்சி

சட்டம் நிஜமாகவே இருக்கிறது, ஆனால் உங்கள் மாநிலத்தில் இல்லை, காப்ளருக்கும் இல்லை. வெர்மான்ட் மாநிலம் 1999ல் ஆப்பிள் பையைத் தன் மாநிலப் பையாக அறிவித்தபோது, அதோடு ஒரு தம்ளர் குளிர்ந்த பாலோ, குறைந்தது அரை அவுன்ஸ் செடார் சீஸோ, ஒரு பெரிய கரண்டி வெனிலா ஐஸ்கிரீமோ கொடுக்க மனசார முயல வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறது. ஆப்பிளோடு சீஸா என்று நானும் மூக்கைச் சுழித்தேன். ஒருமுறை சாப்பிட்டுப் பாருங்கள், உப்பு மாங்காய் தின்றவர்களுக்குப் புரியும்.

சூடாக இருக்கும் அன்று ஐஸ்கிரீம் சரி. மிஞ்சியதைப் பிள்ளைகளுக்குக் காட்டாமல் ஃப்ரிட்ஜில் வையுங்கள். மறுநாள் காலை, மேல்மாவு சாற்றில் ஊறிக் கனத்திருக்கும். சூடு பண்ணாதீர்கள். கிண்ணத்தில் போட்டு, அந்தக் கென்டக்கி அம்மாள் சொன்ன மாதிரி குளிர்ந்த பாலை ஊற்றி, அவர்கள் பள்ளிக்கூடம் போன பிறகு.